உள்ளங்கைக்கு வந்த முரசு

பவானிபூரில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை மாஷிமா என்றே அழைக்கிறேன். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் வங்காளச் சொல் அது. பெரியம்மா, சின்னம்மா என்ற வேறுபாடு அதில் இல்லை. எழுபதைக் கடந்தவர். அயல்நாட்டில் இருக்கும் மகன், தாம் வைத்திருந்த பழைய ஐஃபோனை அவரிடம் விட்டுச் சென்றிருக்கிறார். வங்கப் புத்தாண்டன்று காலையில் அவர் உறவினர்களுக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். செய்தி வங்காளம், எழுத்து மட்டும் ஆங்கிலம். மளிகைக் கணக்கைக்கூட முத்துமுத்தான வங்காள எழுத்தில் எழுதி வைப்பவர் அவர். கைபேசியில் ஏன் இப்படி என்று கேட்டேன்.

“இதில் வங்காளம் படிக்கத்தான் வரும், எழுத வராது” என்றார்.

வரும் என்று காட்டுவதற்காக அமைப்புகளைத் திறந்து வங்காள விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். பேச்சு எழுத்துருக்களின் பக்கம் திரும்பியது. என் மேக் கணினியின் எழுத்துருப் பட்டியலில் ‘பங்களா சங்கம் எம்என்’ என்ற பெயரைக் காட்டி, சில ஆண்டுகளுக்கு முந்தைய ஐஃபோன்களிலும் இந்த எழுத்துரு இருந்தது என்றேன். அதன் உடன்பிறப்புகளும் பட்டியலில் வரிசையாக நின்றன: தமிழ் சங்கம் எம்என், கன்னட சங்கம் எம்என், மலையாளம் சங்கம் எம்என்.

“எம்என் என்றால்?”

“முத்து நெடுமாறன், மாஷிமா. வடிவமைத்தவரின் பெயர். மலேசியத் தமிழர்.”

“மலேசியாவில் இருந்துகொண்டு எங்கள் எழுத்தை அவர் ஏன் எழுதினார்?”

மாடிப்படியில் நின்றபடி விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. ஒரு சிறு தமிழ் மென்பொருள் நிறுவனம் மேசைக் கணினியை விட்டுக் கைபேசிக்கு நகர்ந்த இருபது ஆண்டுக் கதை அதற்குள் இருக்கிறது. அந்த நகர்வில் அந்த நிறுவனம் வென்றது என்பது என் எண்ணம். வென்றதனாலேயே அதன் பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொல்கத்தாக்காரர்கள் பெருமையோடு நினைவுகூரும் ஒரு நாள் உண்டு. 1984 அக்டோபர் 24. நாட்டின் முதல் நிலத்தடி ரயில் எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு எங்கள் பவானிபூரில் வந்து நின்றது. இன்று அந்த நிலையத்துக்கு நேதாஜி பவன் என்று பெயர். அதற்கு மறு ஆண்டு, 1985இல், மலேசியாவில் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருள் உருவானது. இரண்டுக்கும் தொடர்பில்லை. காலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வதற்காகவே சொல்கிறேன்: விண்டோஸ் தமிழை அறியாத காலம், ஒருங்குறி பிறவாத காலம், வீட்டில் கணினி வைத்திருப்பவரை ஊரே வந்து பார்த்துச் சென்ற காலம்.

அன்றைய மேசைக் கணினி தமிழுக்கு ஒரு வெற்று அறை. திரையில் எழுத்து தெரிய வேண்டுமா, வடிவத்தை நீங்களே வரைய வேண்டும். அந்த எழுத்தைக் கணினி எந்த எண்ணாக நினைவில் வைக்கும் என்பதையும் நீங்களே வகுக்க வேண்டும். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்பதும், அச்சுப்பொறி அதை எப்படி அச்சிடும் என்பதும் உங்கள் பொறுப்பே. முரசு போன்ற மென்பொருள்களைச் செய்தவர்கள் இந்த நான்கையும் தாமே சுமந்தார்கள். அறைக்குள் மேசை நாற்காலி முதல் விளக்கு வரை எல்லாம் அவர்கள் கொண்டுவந்து போட்டவை. ஆகவே அறை முழுவதும் அவர்களுடையது.

அந்த முழு உரிமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறிமுறை வகுத்ததால், ஓர் அச்சகத்தில் தட்டிய கோப்பு இன்னோர் அச்சகத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. கோப்போடு எழுத்துருவையும் நெகிழ்வட்டில் போட்டு அனுப்பிய அந்தப் பழக்கத்தை என் தலைமுறை கடைசியாகக் கண்டது. இன்றும் பழைய நூல்களின் கணினிக் கோப்புகளை ஆய்வுக்காகக் கேட்டு வாங்கும்போது, எந்த எழுத்துருவில் தட்டியது என்பதே என் முதல் கேள்வி. எழுத்துரு தெரியாவிட்டால் அந்த நூல் தமிழில் இருப்பதாகவே கொள்ள முடியாது.

1990களில் மின்னஞ்சல் வந்தது. முரசு, ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. அஞ்சல் என்பது இங்கே தபால். பழந்தமிழில் அதே சொல் ‘அஞ்சாதே’ என்ற எதிர்மறை ஏவலாகவும் வரும். பெயர் வைத்தவர் அதையும் எண்ணினாரா என்பது வேறு செய்தி. கணினியைக் கண்டு மிரண்ட அன்றைய தமிழாசிரியர்களுக்கு இரண்டாவது பொருள் கூடுதலாகவே தேவைப்பட்டிருக்கும். அந்த ஆண்டுகளில் நடந்தவற்றை விரைந்து கடக்கிறேன். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் தமிழ்நெட் மாநாடு அங்கேயே கூடியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு, 2000இல் உத்தமம் அமைப்பு. குறிமுறைச் சண்டைகள் இந்த ஆண்டுகள் முழுவதும் ஓயவில்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், லோசான், சென்னை என்று சிதறிக் கிடந்தவர்கள் மடற்குழுக்களில் நள்ளிரவு வரை வாதாடினார்கள். அரசுகளின் ஆணையை எதிர்பாராமல் தமிழர்கள் தாமே செய்துகொண்ட அரிய காரியங்களில் இது ஒன்று.

விசைப்பலகையைப் பற்றி மட்டும் விரித்துச் சொல்லியாக வேண்டும். மொழியியல் மாணவனாக என்னை முதலில் ஈர்த்தது அதுவே.

அஞ்சல் விசைமுறை ஒலிபெயர்ப்பு வகையைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். தமிழில் ந, ன என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் ‘என்’ விசை ஒன்றே. இதை அந்த முறை எப்படிச் சமாளிக்கிறது? சொல்லின் தொடக்கத்தில் அந்த விசையைத் தட்டினால் ‘ந’ வரும். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் ‘ன’ வரும். தகரம் பின்தொடர்ந்தால் அதுவே ‘ந்’ ஆகும். இதற்குப் பின்னால் இருப்பது தொல்காப்பிய எழுத்ததிகாரம். னகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்ற விதியை ஒரு பொறியாளர் நிரலாக எழுதியிருக்கிறார். பொருநை, வெந்நீர் போல நடுவில் நகரம் வரும் சொற்களுக்கு மட்டும் ‘டபிள்யூ’ விசை தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. விதியும் விதிவிலக்கும் ஒரே பலகையில் இருக்கின்றன.

1999 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 இன்னும் ஒரு படி ஆழமானது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ‘க’ விசையை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று புள்ளி தானே விழும். ங-வை அடுத்து க, ஞ-வை அடுத்து ச, ந-வை அடுத்து த என்று மெல்லினத்தை அதன் இன வல்லினம் தொடர்ந்தாலும் அப்படியே புள்ளி விழும். பள்ளியில் இனவெழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, அதன் பயனை நான் கண்டது தேர்வுத்தாளில் அன்று, விசைப்பலகையில்.

எனினும் மக்கள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பு முறையையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பலகை ஏற்கெனவே விரலில் படிந்திருந்தது. தமிழ்99ஐக் கற்க ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தைத் தர அணியமாக இருந்தவர்கள் சிலரே. நானும் தொடக்கத்தில் அந்தச் சிலருள் ஒருவனாக இல்லை; முதுகலை ஆய்வேட்டைத் தட்டும்போதுதான் மாறினேன். ஒலிபெயர்ப்பு முறைமீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழைத் தமிழாக நினைக்கும் முன்பே அதை ஆங்கில ஒலியாக நினைக்கும் பழக்கத்தை அது விரலுக்குத் தருகிறது. மாஷிமாவின் புத்தாண்டு வாழ்த்துக்கும் அந்தப் பழக்கத்துக்கும் தொலைவு அதிகமில்லை.

இனி கைபேசி. அதற்கும் இந்த ஊருக்கும் பிறப்பிலேயே தொடர்பு உண்டு. 1995 ஜூலை 31 அன்று அன்றைய முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததே இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய அதே ஆண்டு. கணினியும் கைபேசியும் அப்போது இருவேறு உலகங்கள். கைபேசி பேசுவதற்கானது, எழுதுவதற்கானது கணினி. அந்தப் பிரிவைக் கலைத்தது குறுஞ்செய்தி.

குறுஞ்செய்தியின் கணக்கைத் தமிழர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டு வீதம் வைத்தால் 160 எழுத்து அடங்கும். ஒருங்குறியில் அனுப்பினால் ஒவ்வோர் இடத்துக்கும் 16 பிட்டு. ஆகவே 70 இடமே கிடைக்கும். இடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதில் நம் கணக்குப்படி 12 எழுத்துகள். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடமாக எண்ணப்படுவதால், இடைவெளியையும் சேர்த்து 22 இடம் போய்விடுகிறது. ஒரு வாழ்த்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. பெயரும் ஊரும் நலம் விசாரிப்பும் சேர்ந்தால் ஒரு செய்தி இரண்டாகும், கட்டணமும் இரண்டாகும். அந்த நாள்களில் இந்தியாவில் பண்டிகை நாள்களில் குறுஞ்செய்திச் சலுகைகள் செல்லா என்று அறிவிப்பு வேறு வரும். தமிழில் வாழ்த்த நினைத்தவர் ஆங்கிலத்தில் வாழ்த்தியவரைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியதற்கு மொழிப்பற்றின்மையைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் முரசு சிஸ்டம்ஸ் தன் கவனத்தைக் கைபேசிக்குத் திருப்பியது. சில ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில், ஒலி 96.8 வானொலியின் துணையோடு ‘செல்லினம்’ வெளியானது. பெயரைப் பாருங்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற வரிசையில் நான்காவதாக வந்து அமர்கிறது. ‘செல்’ ஆங்கிலத்திலிருந்து வந்த செல்பேசியின் செல்லாகவும் இருக்கலாம். ‘போ’ என்று பொருள்படும் தமிழ் வினையாகவும் இருக்கலாம். கடன்சொல்லும் தாய்ச்சொல்லும் ஒரே ஒலியில் சந்திக்கும் இடத்தில் பெயர் வைப்பது எளிதன்று.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது மேசைக் கணினியின் கதையை மறுபடியும் முதலிலிருந்து எழுதியது போன்றது. ஜாவா நிரல் ஓடும் சிறு கைபேசிகள். அவற்றுக்குத் தமிழ் தெரியாது. 1985இன் வெற்று அறை திரும்பி வந்தது, இம்முறை தீப்பெட்டி அளவில். எழுத்தின் வடிவத்தைச் செயலியே சுமந்து வர வேண்டும். பெறுபவரின் கைபேசியிலும் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அனுப்பிய தமிழ் கட்டம் கட்டமாகத்தான் போய்ச் சேரும். விசைகளோ பன்னிரண்டு. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஓர் ஆய்தமும் அவற்றுக்குள் அடங்க வேண்டும். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்ற அழகெல்லாம் அங்கே செல்லாது. இருப்பது ஒற்றைக் கட்டைவிரல்.

ஆளும் மாறினார் என்பது இன்னும் பெரிய மாற்றம். மேசைக் கணினியில் தமிழ் மென்பொருளைத் தேடி வந்தவர் தமக்குத் தமிழ் தேவை என்று தெரிந்தே வந்தார்: அச்சகத்தார், இதழாசிரியர், பள்ளி, சங்கச் செயலாளர். கைபேசி வைத்திருப்பவர் எதையும் தேடி வருவதில்லை. சந்தையிலிருந்து திரும்பும் வழியில், காய்கறிப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, “வந்துட்டேன்” என்று மட்டும் தட்ட வேண்டும் அவருக்கு. முன்னவருக்குத் தமிழை வழங்கினால் போதும். பின்னவருக்கு அது ஆங்கில எழுத்தைவிடச் சோம்பேறித்தனமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை மிகக் கடினமானது, இன்றும் முடியவில்லை.

2005 என்ற ஆண்டைக் கவனியுங்கள். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்ற நிறுவனம் தன் பெயரிலிருந்து ‘கம்ப்யூட்ட’ரை நீக்கி வெறும் ஆப்பிள் ஆனது 2007 ஜனவரி 9 அன்று, முதல் ஐஃபோனை அறிவித்த அதே மேடையில். மைக்ரோசாஃப்ட் அதைவிடத் தாமதித்தது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 2014இல் வாங்கியும் அந்தச் சந்தையில் அதனால் காலூன்ற முடியவில்லை. (நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. உலகத்துக்குக் கைபேசி பூட்டிக் கொடுத்த தமிழ்நாட்டு இளம்பெண்களின் வரலாறு தனியே எழுத வேண்டிய ஒன்று.) பெருநிறுவனங்கள் தயங்கிய இடத்தில் ஒரு சிறு நிறுவனம் இரண்டாண்டு முந்தியது எப்படி? என் விடை எளியது. மைக்ரோசாஃப்டுக்குக் காப்பாற்றிக்கொள்ள விண்டோஸ் இருந்தது. தமிழ் மென்பொருளுக்கு மேசைக் கணினியில் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய வருவாய் எதுவும் இருந்ததில்லை. நகலெடுத்துக் கொடுப்பதைத் தவறாக நம்மில் யாரும் நினைத்ததுமில்லை. 2000இல் விண்டோஸே தமிழ் ஒருங்குறியைத் தாங்கத் தொடங்கியபின் அந்த அறையின் உரிமையும் கைமாறிக்கொண்டிருந்தது.

திறன்பேசிகள் வந்தபோது மூன்றாவது சிக்கல் தோன்றியது. இம்முறை அறை வெற்றாக இல்லை; வாசலில் காவலாளி நின்றார். ஐஃபோனில் நாளடைவில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது, ஆனால் பிறர் செய்த விசைப்பலகையை உள்ளே விட 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை ஆப்பிள் இசையவில்லை. அதுவரை ஒரு செயலிக்குள் தட்டி, நகலெடுத்து, வேறொரு செயலியில் ஒட்ட வேண்டியிருந்தது. ஆண்டிராய்டில் நிலைமை தலைகீழ். 2009இலிருந்தே யார் வேண்டுமானாலும் விசைப்பலகை செய்யலாம். ஆனால் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்து கட்டங்களாகவே தெரிந்தது. ஒரு வீட்டில் கதவு பூட்டியிருந்தது, இன்னொரு வீட்டில் கதவு திறந்திருந்தும் உள்ளே விளக்கில்லை.

இங்கேதான் மாஷிமாவின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. வாசலில் நிற்பதைவிட வீட்டின் கட்டுமானத்திலேயே ஒரு பகுதியாகிவிடுவது என்ற வழியை நெடுமாறன் தேர்ந்தார். மேக் கணினிகளில் அவருடைய ‘இணைமதி’ எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் முன்பே இடம்பெற்றிருந்தன. பின்னர் தமிழோடு நில்லாமல் பிற இந்திய எழுத்துகளுக்கும் சங்கம் வரிசை எழுத்துருக்கள் வந்தன. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகையோடு வெளிவந்தபோது, தமிழ்99உடன் அஞ்சலும் அதில் இருந்தது. செல்லினம் தனிச் செயலியாகவும் தொடர்ந்தது. ஆனால் ஐஃபோனில் தமிழ் தட்டும் பெரும்பாலோர் இன்று யாருடைய கைவேலையையும் தனியே நிறுவுவதில்லை. கருவியோடு வருவதைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒருவர் செய்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வங்காள எழுத்துக்கு வடிவம் தருவது தமிழைவிடக் கடினமான வேலை என்பதை இங்கே சொல்ல வேண்டும். தமிழில் க்ஷ, ஸ்ரீ தவிரக் கூட்டெழுத்து இல்லை. புள்ளி அவற்றின் தேவையை நீக்கிவிட்டது. வங்காளத்தில் மெய்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருமாறும் யுக்தாக்ஷரங்கள் ஏராளம். 1778இல் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கணம் ஹூக்ளியில் அச்சாவதற்காகச் சார்லஸ் வில்கின்ஸும் பஞ்சானன் கர்மகாரும் வார்த்த ஈய எழுத்துகள் முதல், 1935இல் சுரேஷ்சந்திர மஜும்தார் லைனோடைப் பொறிக்குள் வங்காளத்தை அடக்கியது வரை, இந்த ஊரின் அச்சு வரலாறு முழுவதும் இந்தக் கூட்டெழுத்துகளோடு நடந்த மல்லுக்கட்டே.

வங்காளத்தின் கணினி வரலாற்றை நம்முடையதோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். 1988இல் டாக்காவில் முஸ்தஃபா ஜப்பாரின் ‘பிஜோய்’ வந்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள். 2003இல் மருத்துவ மாணவராக இருந்த மெஹ்தி ஹசன் கான் ‘அவ்ரோ’வை இலவசமாக வெளியிட்டார், நம் அஞ்சலைப் போலவே ஒலிபெயர்ப்பு முறை. விசைமுறையின் உரிமை குறித்து 2010இல் இருதரப்புக்கும் பூசல் மூண்டு, பிஜோயை ஒத்திருந்த ஒரு தளக்கோலத்தை அவ்ரோ விலக்கிக்கொண்டது. கைபேசிக்கு வந்தபோது அதே பூசல் தொடர்ந்தது. 2015இல் ஜப்பார் தரப்பின் முறையீட்டை அடுத்து ‘ரித்மிக்’ என்ற புகழ்பெற்ற விசைப்பலகையைக் கூகுள் தன் கடையிலிருந்து சிறிது காலம் நீக்கியது. 2023 ஜனவரியில் வங்கதேசத் தொலைத்தொடர்பு ஆணையம், நாட்டில் விற்கும் ஆண்டிராய்டு கைபேசிகளிலெல்லாம் பிஜோய் இருக்க வேண்டும் என்றது. அப்போது அத்துறையின் அமைச்சர் ஜப்பார். 2025இல் அவ்ரோ குழுவுக்கு ஏகுஷே பதக் விருது கிடைத்தது. இதில் யார் நல்லவர் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. மேசைக் கணினியில் பயனரைத் தேடிப் போன மென்பொருள்காரர், கைபேசியில் காவலாளியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். ஒருவர் அரசாணை வழியாகப் போனார்; இன்னொருவர் கருவி செய்பவருக்கே எழுத்தை வரைந்து கொடுத்தார்.

தமிழ்நாட்டு அரசு இந்த ஆண்டுகளில் என்ன செய்தது? 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியையும் 16 பிட்டு அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக அறிவித்தது. பத்தாண்டுகளுக்கு முன் வந்திருந்தால் கொண்டாடத்தக்க ஆணை. அது வந்தபோது எழுத்து உள்ளங்கைக்குப் போய்விட்டிருந்தது. அனைத்தெழுத்துக் குறிமுறை மொழியியல் நோக்கில் நேர்த்தியானது. ஆனால் அதைத் தாங்கும் கைபேசி ஒன்றை நான் கண்டதில்லை.

என் ஆய்வு இதில் எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் திரட்டுவது கைபேசியில் எழுதப்பட்ட தமிழ். அதில் விசைப்பலகையைவிட வலுவான ஒன்று, அதன் மேல் ஓடும் பரிந்துரைப் பட்டை. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வீடு’ என்ற ஒரு சொல் வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்தும், வீட்டுக்குத்தானே என்று பெருகிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் பட்டியலிட முடியாது. எதைப் பரிந்துரைப்பது என்று யாரோ தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அந்த’ என்று தட்டி ‘பையன்’ என்று தொடங்கினால் நடுவில் ப் மிக வேண்டும். முந்தைய சொல்லைத் திரும்பிச் சென்று திருத்தும் துணிவு பட்டைக்கு இருக்கிறதா? ‘வாழ்த்துகள்’ சரியா, ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று தமிழாசிரியர்கள் பல பத்தாண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டை அவற்றுள் ஒன்றை முதலில் நீட்டுகிறது. கட்டைவிரல் அதைத் தொடுகிறது. வழக்கு எது என்பதை நாளை அகராதிக்காரர் எண்ணிப் பார்க்கும்போது, அவர் எண்ணப்போவது மக்களின் தேர்வையா, பட்டையின் தேர்வையா?

முரசு அஞ்சலின் நல்விதிகளை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியும்; மடற்குழுவில் அவரோடு சண்டையிட முடிந்தது. மலேசியாவின் ‘கைப்பேசி’, ஈழத்தின் வழக்குகள், தமிழ்நாட்டின் ‘அலைபேசி’, ‘செல்பேசி’ எல்லாவற்றுக்கும் இடம் கேட்டு அங்கே வழக்காடினார்கள். இன்றைய பட்டையோடு வழக்காட எனக்கு முகவரி இல்லை. அதே வேளையில், ஒரு மொழியின் எழுத்துப் பணி ஒரு தனிமனிதரின் ஆயுள் உழைப்பை இவ்வளவு நம்பியிருந்ததும் நலமான நிலை என்று சொல்லமாட்டேன். நாற்பது ஆண்டுகள் ஒருவரே வெற்று அறைக்குப் பொருள் சுமந்தார் என்றால், மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வி எழாமல் போகாது. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

மாஷிமாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. புதிய ஐஃபோன்களில் வங்காளத்துக்குக் கோகினூர் பங்களா என்ற வேறு எழுத்துரு வந்துவிட்டது என்பதையும் சொல்லவில்லை. விசைப்பலகையில் ஹசந்தக் குறி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினேன். எங்கள் புள்ளியைப் போன்றது, ஆனால் உங்கள் மொழியில் அது இரண்டு எழுத்தை ஒட்டவைத்துவிட்டுத் தான் மறைந்துவிடும் என்றேன். அவர் ‘க’வைத் தட்டி, ஹசந்தத்தைத் தட்டி, ‘ஷ’வைத் தட்டினார். இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாக உருண்டு நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

பிறகு தங்கைக்கு அனுப்பியிருந்த வாழ்த்தை அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தட்டத் தொடங்கினார். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் முடித்திருக்கவில்லை.